எந்தக் குழாய்?

மே 28

தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம். உன் உடம்பு எப்படி? சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்காமல் மூக்குக்குத் துணி கட்டுகிறாயா, இல்லை சொன்ன பேச்சு கேட்காமல் திரிகிறாயா?

நீ படம் போட்டு அனுப்பியபடியே மழைத் தண்ணீருக்கு மூன்று நீல டிரம் வாங்கி வைத்தாயிற்று. பழச்சாறு வந்த டிரம் என்று கடைக்காரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மூடியைத் திறந்தால் புளித்த நெடி அடித்தது. உள்ளே தலையை விட்டு நாலு தடவை சோப்பு போட்டுத் தேய்த்தேன். அன்றைக்கு முழுக்க எதைத் தின்றாலும் அந்த நாற்றம்தான். பிளம்பர் ஒருத்தன் வந்தான், மூக்கைச் சிந்திய கையாலேயே குழாயை எடுப்பான், அதே கையால் தண்ணீர்ச் சொம்பையும் கேட்பான். சொம்பை அவனோடேயே அனுப்பிவிட்டேன். ஆனால் வேலை சுத்தம். மாடியிலிருந்து பின்சுவரில் இறங்கும் குழாயை இடுப்பு உயரத்தில் அறுத்து, வளைவு வைத்து முதல் டிரம்முக்குள் விட்டான். அது நிரம்பினால் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மாடியில் விழும் ஒரு சொட்டுகூட இனி தெருச் சாக்கடைக்குப் போகாது. நகராட்சிக்காரன் வாரம் இரண்டு நாள் விடும் செந்நிறத் தண்ணீரில் புழு நெளிகிறது, அதைச் செடிக்கு ஊற்றவே எனக்குக் கூசுகிறது.

அப்பாவைக் கேட்டிருந்தாய். அவருக்கு என்ன, மாடி அறையில் காற்றோட்டமாக ராஜா மாதிரி இருக்கிறார். முன்னறையில் ஐந்து தையல் மிஷின் ஓடுகிற சத்தம் ஆகவில்லை என்று அவரே கேட்டுத்தானே போனார். சாப்பாட்டை வாளியில் வைத்தால் கயிற்றை இழுத்துக்கொள்கிறார். காலிப் பாத்திரமும் சீட்டும் இறங்கி வரும். நேற்றைய சீட்டு: “காலி பாட்டில் இரண்டு. அகன்ற வாய்.” குடிதண்ணீர் பிடித்து வைக்கத்தான் இருக்கும். அனுப்பினேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜூன் 15

மகனுக்கு அப்பாவின் ஆசி. நான் நலம். உன் நலம் அறிய ஆவல்.

இதைப் படித்ததும் கிழித்துவிட வேண்டும். உன் அக்காவுக்குத் தெரியக்கூடாது. கவரை ஒட்டித்தான் வாளியில் இறக்குகிறேன், பிரிக்காமல் தபாலில் சேர்த்துவிடுவாள். முதலில் அந்த வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு மேலே படி.

மாடிப்படி இரும்பு. முன்னறை வாசலோரம் வளைந்து இறங்குவது. இருபத்திரண்டு படிகள். ஏப்ரலில் மூன்றாவது படியில் கால் பிசகியது. விழவில்லை, கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். அதன்பின் நின்று இறங்கத் தைரியம் இல்லை. தினமும் விடியும் முன் ஒரு தடவை, படிக்குப் படி உட்கார்ந்து இறங்கி, காலைக்கடனை முடித்து, அதேபோல் ஏறிவிடுகிறேன். முக்கால் மணி நேரம் ஆகிறது. பகலில் அது நடக்காது. முன்னறையில் நாலைந்து பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்கள் முன்னால் குழந்தை மாதிரிப் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு இறங்க என்னால் முடியாது.

எனவே பகலில் சிறுநீரைப் பாட்டிலில் பிடிக்கிறேன். எழுதிவிட்டேன். முப்பத்தொரு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன். சுவரோரம் ஒதுங்கியவனை எல்லாம் பெயர் கேட்டு எழுதி, தெருவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன். இப்போது கட்டிலடியில் நான் வைத்திருக்கும் சரக்கைப் பார்க்க எனக்கே கூசுகிறது. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெயிலில் நெடி ஏறுகிறது. அப்புறப்படுத்த வழி சொல். இரண்டு கையும் கம்பியில் இருக்கும்போது கீழே கொண்டுபோக முடியாது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அப்பா

*

ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலமாக இருக்கிறேன். கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அக்காவிடம் மூச்சு விட மாட்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, எல்லோருக்கும் வயதாகத்தானே செய்கிறது?

வழி சுலபம். மழை பெய்யும்போது, மாடித் தண்ணீர் குழாயில் இறங்கும் ஓட்டையில் ஊற்றிவிடுங்கள். தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும், யாருக்குத் தெரியப்போகிறது? மழைக்காலம் ஆரம்பிக்கிறதே, உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. மழை இல்லாத நாளில் மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்து பார்க்கத்தான் நினைக்கிறேன். கிடங்குப் பொறுப்பை ஒப்படைக்க ஆள் இல்லை. போனும் இந்த முகாமில் எடுப்பதில்லை.

மகன்

*

ஆகஸ்ட் 5

தம்பிக்கு அக்கா. நலம்தானே? என் நலத்தைக் கேட்காதே, ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

மழை வந்தது. டிரம் நிரம்பியது. ஆசையாக மூடியைத் திறந்தேன். அடக் கடவுளே, அது மழைத் தண்ணீரா? பேருந்து நிலையத்துக் கழிப்பறையில் நுழைந்த மாதிரி முகத்தில் அடித்தது. மேலே மஞ்சள் நுரை, ஓரத்தில் வழவழவென்று பச்சைப் பாசி, அதில் ஏதோ வால் முளைத்த புழு நீந்துகிறது. ஒரு பல்லி செத்து உப்பி மல்லாந்து கிடந்தது. குச்சியால் எடுக்கப் போனால் தோல் தனியாக வந்தது. நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். டிரம்மைக் கவிழ்த்துப் பிளீச்சிங் போட்டுக் கழுவினேன், அடுத்த மழைக்கு மறுபடியும் அதே நாற்றம். மழை பெய்தால்தான் நாறுகிறது, வெயிலில் சும்மா இருக்கிறது. இப்படியொரு அதிசயத்தை எங்கேயாவது கேட்டிருக்கிறாயா?

இதற்குக் காரணம் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கண்டக்டர். வேலையிலிருந்து நின்றபின் முப்பது புறா வளர்க்கிறார். அதுகள் எல்லாம் நம் மாடிச் சுவரில்தான் வந்து உட்காருகின்றன. இறகும் எச்சமும் குழாயில் இறங்குகிறது. அந்த ஆளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, சட்டைத் தோளில் காய்ந்த எச்சத்தோடு கடைக்குப் போகிறார்.

ஒரு கொடுமை என்னவென்றால் கீரை மட்டும் அடர்ந்து வந்திருக்கிறது, ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலம். தண்ணீரைக் கலந்து கலந்து ஊற்றினேன். கீரையை மூன்று முறை கழுவி அப்பாவுக்குத்தான் முதலில் அனுப்பினேன். “பிரமாதம்” என்று சீட்டு இறங்கியது. கூடவே “பாட்டில் மூன்று” என்று. அவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் போல, நல்லதுதானே.

பதில் போடு. டிரம்மில் வேறு என்ன கோளாறு இருக்கும் என்று உன் இஞ்சினியரைக் கேட்டு எழுது.

அக்கா

*

செப்டம்பர் 14

அக்கா, நலமா? தாமதத்துக்கு மன்னிக்கவும், இங்கே கணக்கெடுப்பு வேலை.

நீ சொல்வது போலப் புறாவாகத்தான் இருக்கும். அந்தத் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றாதே. பூச்செடிக்கு மட்டும் ஊற்று. முடிந்தால் டிரம்மையே எடுத்துவிடு.

அப்பாவை மேலே போய்ப் பார்த்தாயா?

தம்பி

*

செப்டம்பர் 30

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நலம், அங்கே நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆறு வாரம் கழித்து ஆறு வரி எழுதியிருக்கிறாய். கை வலித்திருக்கும்.

டிரம்மை வை வை என்று படம் போட்டு அனுப்பியதும் நீதான், எடுத்துவிடு என்பதும் நீதான். பூச்செடிக்கு மட்டும் என்றால் என்ன அர்த்தம்? பூவுக்கு மூக்கு இல்லையா?

கண்டக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. “உங்க புறா கழிக்கிறதுல என் குடும்பமே நாறுது. உங்களுக்கு வெட்கமா இல்ல?” என்று கேட்டேன். அவர், “அம்மா, மழை பெய்யுறப்போ புறா வெளியிலயே வராதும்மா. கூட்டுக்குள்ளதான் கிடக்கும்” என்றார். நான் விடவில்லை. நகராட்சிக்கு மனு எழுதி ஆறு வீட்டில் கையெழுத்து வாங்கினேன். மறுவாரம் ஒரு லாரி வந்தது. மனிதர் ஒவ்வொரு புறாவாகக் கையில் எடுத்துத் தடவி, கூடையில் விட்டு ஏற்றி அனுப்பினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு என்னவோ மாதிரி இருந்தது, ஆனாலும் தொலைந்தது என்று மாடிச் சுவரை நினைத்து நிம்மதியானேன்.

நேற்று மழை. இன்று டிரம் முன்பைவிடக் கேடு. கத்தரி இலை ஓரமெல்லாம் நெருப்பில் வாட்டியது போலக் கருகிவிட்டது. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு விவசாய ஆபீஸுக்குப் போனேன். பரிசோதிக்கிற பையன் மூடியைத் திறந்து முகர்ந்து, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “அக்கா, இது மழைத் தண்ணியா? வீட்டுல யாராவது விளையாடுறாங்களா பாருங்க” என்று சிரித்தான். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். உடம்பெல்லாம் கூசிப்போய்த் திரும்பினேன்.

அப்பாவைப் பார்த்தாயா என்று மறுபடியும் கேட்கிறாய். வாளி ஏறுகிறது, வாளி இறங்குகிறது, சீட்டு வருகிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்? எனக்கு மட்டும் இரண்டு கையா, நாலு கையா?

அக்கா

*

அக்டோபர் 8

மகனுக்கு ஆசிகள். நலம். நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன்.

நீ சொன்ன வழிமுறையைப் பின்பற்றி வருகிறேன். மழைக்காகக் காத்திருப்பதே வேலையாகிவிட்டது. ஒவ்வொரு பாட்டிலிலும் தேதிச்சீட்டு ஒட்டி, பழையதை முதலில் அப்புறப்படுத்துகிறேன். முறை தவறவில்லை.

உன் அக்கா பக்கத்து வீட்டாரிடம் சத்தம் போட்டது மேலே கேட்டது. நாற்றம், டிரம், மழைத் தண்ணீர் என்று காதில் விழுந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் சேமிக்கிறாள் போலிருக்கிறது. நல்ல காரியம். எனக்கு யாரும் சொல்லவில்லை. மேலிருந்து பார்த்தால் பின்பக்கம் தகரக் கூரைதான் தெரிகிறது.

ஒரே ஒரு சந்தேகம். எந்தக் குழாயிலிருந்து பிடிக்கிறாள்? உனக்குத் தெரிந்திருந்தால் உடனே எழுது. அவளைக் கேட்டால் ஏன் என்று கேட்பாள்.

அவள் அனுப்பும் கீரை நன்றாக இருக்கிறது. தினமும் சாப்பிடுகிறேன்.

அப்பா

*

அக்டோபர் 22

அன்புள்ள அப்பாவுக்கு, நலம்.

சமையலறைப் பக்கத்துக் குழாயிலிருந்துதான் அக்கா பிடிக்கிறாள். பின்பக்கக் குழாய் நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

மகன்

*

நவம்பர் 20

தம்பிக்கு.

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனமில்லை. ஆனாலும் நீ உயிரோடு இருக்க வேண்டும், இதைப் படிக்க வேண்டும்.

இந்த மாதம் இரண்டு பெருமழை. டிரம்மில் நாற்றமே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒருவழியாகப் புறா எச்சம் கழுவிப் போயிற்று என்று நினைத்தேன். அதே சமயம் வாளியில் கீரை தொடாமல் திரும்பி வர ஆரம்பித்தது. முதல் நாள் பசியில்லை என்று விட்டேன். மூன்றாம் நாளும் அப்படியே. சீட்டு: “கீரை வேண்டாம். இனி அனுப்பாதே.” எனக்குச் சுருக்கென்றது. நான் குனிந்து நிமிர்ந்து வளர்த்தது அவருக்கு இளப்பமாகிவிட்டதா, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று படியேறினேன்.

அந்தப் படியில் நான் ஏறி ஒன்பது மாதம் ஆகிறது. இதை நான் உனக்கு எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் வாளியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

கதவைத் தள்ளினால் அந்த நாற்றம். என் டிரம் நாற்றம். கட்டிலடியில், ஜன்னலோரம், அலமாரி மேல், சுவரை ஒட்டி வரிசையாக, எல்லாம் பாட்டில். நாற்பத்தேழு. நான் அனுப்பிய பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தேதி. பழையது எல்லாம் கருஞ்சிவப்பாகி அடியில் வண்டல் கட்டியிருக்கிறது. ஒன்று வெடித்துத் தரையில் பிசுபிசுவென்று ஓடியிருக்கிறது, அதில் என் செருப்பு ஒட்டிக்கொண்டது. நடுவே அப்பா, சலவைச் சட்டையை மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். சின்ன வயதில் நம் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அந்த மனிதர். இப்போது அவருடைய நகத்தை வெட்ட ஆள் இல்லை, வளைந்து மஞ்சளாகக் கிடக்கிறது. “உள்ள வராதம்மா. சுத்தமா இல்ல” என்றார்.

வாந்தி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார். முந்தானையைத் தூக்கிய என் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மிஷின்காரப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரைக் கீழே கொண்டுவந்தேன். நான் ஒரு படி கீழே உட்கார, அவர் ஒரு படி மேலே உட்கார, இருவரும் தேய்த்துத் தேய்த்தே இறங்கினோம். முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. மிஷின்கள் கூடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன, நிற்கட்டும். நாற்பத்தேழையும் கையால் சுமந்து இறக்கிக் கழிப்பறையில் கொட்டினேன். கையுறை போடவில்லை.

அறையைக் கழுவும்போது மெத்தைக்கடியில் உன் கடிதங்கள் கிடைத்தன. மழையில் ஊற்றச் சொன்னது நீ. டிரம்மை அந்தக் குழாயில் வைக்கச் சொன்னதும் நீ. ஆகஸ்டில் நான் எழுதியபோதே உனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான் ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாய், அப்புறம் “புறாவாகத்தான் இருக்கும்” என்றாய். சொன்னால் அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வரும், உன் பங்குக்குக் கூப்பிடுவேன் என்று பயந்தாயா? அவர் கழித்ததை அவருக்கே கீரையாக்கி நான் ஊட்டியிருக்கிறேன். அதை நீ அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாய். அந்தப் பாட்டில்களைத் தொட எனக்கு அருவருப்பாக இல்லை. உன் கடிதத்தைத்தான் இரண்டு விரலால் பிடித்தேன்.

மாலையில் அப்பா கேட்டார்: “எந்தக் குழாய்லேருந்தும்மா தண்ணி பிடிக்கிற?” நீ எழுதிய பொய்தான் கைக்குக் கிடைத்தது. “சமையலறைப் பக்கத்துக் குழாய்ப்பா” என்றேன். தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். இந்த ஒன்றுக்காக மட்டும் உன்னை முழுசாகத் திட்டாமல் விடுகிறேன்.

கீரைப் பாத்தியைப் பிடுங்கிவிட்டேன். கண்டக்டர் வீட்டு வாசலை என்னால் கடக்க முடியவில்லை. என்ன சொல்லி மன்னிப்பு கேட்பேன்? நீ வருகிறாய். வரும்போது அவருக்கு ஒரு ஜோடிப் புறா வாங்கி வருகிறாய். காரணத்தை நீயே கற்பித்துச் சொல், உனக்குத்தான் அது நன்றாக வருகிறதே.

அக்கா

*

டிசம்பர் 3

அக்கா, உன் உடம்பு எப்படி? அப்பா உடம்பு எப்படி?

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நீ எழுதியது எல்லாம் சரி. பயந்துதான் போனேன்.

இருபதாம் தேதி புறப்படுகிறேன். பத்து நாள் விடுப்பு. புறாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தாய். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அது அப்படியே இருக்கட்டும், அக்கா.

தம்பி

*

டிசம்பர் 10

மகனுக்கு அப்பாவின் ஆசி. நான் கீழே, முன்னறையில், நலமாக இருக்கிறேன். மிஷின் சத்தம் பழகிவிட்டது. நகம் வெட்டப்பட்டது.

நீ வருவதாகவும், கண்டக்டருக்கு ஒரு ஜோடிப் புறா வாங்கி வருவதாகவும் அக்கா சொன்னாள். வருவதற்கு முன் சில விஷயங்கள்.

இந்த வீடு கட்டும்போது நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே நின்றேன். எந்தக் கல் எங்கே போனது என்று தெரியும். சமையலறைப் பக்கம் குழாய் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. மாடிக்கு ஒரே ஓட்டை, ஒரே குழாய்.

உன் அக்டோபர் கடிதத்தைப் படித்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. நாற்றம், டிரம், கீரை எல்லாம். அன்று உண்டதை எடுக்க வாயில் விரல் விட்டேன். அது மூன்று மாதத்துச் சாப்பாடு, எங்கே வரப்போகிறது? அதன்பின் ஒரு பாட்டிலைக்கூட ஊற்றவில்லை. அதனால்தான் அத்தனை சேர்ந்தது.

அக்காவிடம் கேட்டேன். அவளும் அதே குழாயைச் சொன்னாள். இந்த வீட்டிலேயே இருப்பவளுக்கு அங்கே குழாய் இல்லை என்று தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள். கண் கலங்கிக்கொண்டு சொன்னாள். நான் நம்பியதாகவே வைத்துக்கொண்டேன். நீயும் அவளிடம் அப்படியே வைத்துக்கொள்.

நேற்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். அவள் கடைக்குள் போன சமயம் கண்டக்டர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். புறா அல்ல, நான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். எனவே புறாவுக்குக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை, புறாவை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

அவள் எனக்காகப் பொய் சொன்னாள். நீ சொன்னது யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை. பயணத்தில் யோசித்துக்கொண்டு வா. வந்ததும் குளித்துச் சாப்பிடு, களைப்பு தீரத் தூங்கு. பிறகு நாம் இருவரும் வீட்டைச் சுற்றி ஒரு தடவை மெதுவாக நடப்போம். சமையலறைப் பக்கத்துக் குழாயை நீ எனக்குக் காட்ட வேண்டும்.

அப்பா